குஞ்சம் கட்டியவர்: ரங்கூனில் ஒரு சவர பிரஷ் தொழிலின் நிகழ்வு ஆய்வு

ரங்கூனில் தமிழர் சலூன்களுக்குச் சவர பிரஷ் கட்டிக் கொடுத்துப் பிழைத்த ஒருவரின் தொழில் எப்படித் தலையெடுத்தது, எப்படிப் படுத்தது என்று பார்க்கப் போகிறோம். அவர் எனக்குப் பெரியப்பா. பெயர் போட வேண்டாம் என்று அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறை, கேட்டுக்கொண்டார். அதனால் பெரியப்பா என்றே எழுதுகிறேன். பட்டறை என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிடுவீர்கள். அனவ்ரதா சாலையை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் வீட்டின் பின்கட்டு. காலால் மிதித்து ஓட்டும் ஒரு கடைசல் இயந்திரம், இரண்டு அடுப்பு, உத்தரத்திலிருந்து தொங்கும் மயிர்க் கட்டுகள். வேலைக்கு ஆள் என்றால் பெரியம்மாவும், பள்ளிக்கூடம் விட்டு வரும் அண்ணனும்தான்.

எங்கள் வீட்டில் இந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். “சீனாக்காரன் பிளாஸ்டிக் பிரஷ் வந்துச்சு, அண்ணன் தொழில் போச்சு” என்பார் என் அப்பா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கணக்கு ஒத்துவரவில்லை. சீனப் பிரஷ் வந்த பிறகும் பெரியப்பா பத்து வருடத்துக்கு மேல் தொழில் செய்தார். நடுவில் சில வருடங்கள் முன்பைவிட நன்றாகவே ஓடியது. அவரைப் படுக்க வைத்தது விலை அல்ல. பிரஷ் செய்கிறவருக்கும் மழித்துக்கொள்ளும் முகத்துக்கும் நடுவில் சலூன்காரர் நின்றார். ‘இந்த பிரஷ் சுத்தமானது’ என்று அந்த முகத்துக்குக் காட்ட இரண்டு பேரிடமும் வழி இல்லாமல் போனது. நான் புரிந்துகொண்டது இதுதான். வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகள் பட்ட பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகிறது.

யாருக்குத் தாடி

பர்மாவில் சவரத் தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. பர்மியர்களில் பெரும்பாலோருக்குத் தாடி அடர்த்தியாக வளர்வதில்லை. அந்தக் காலத்து ஆட்கள் இடுக்கியை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்வார்கள். வாரம் இரண்டு தடவை சலூனுக்கு வந்து முகத்தை நீட்டியவர்கள் இந்தியர்கள்: தமிழர், தெலுங்கர், வங்காளிகள், சூலியா என்று சொல்லும் தமிழ் முஸ்லிம்கள். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் என் தாத்தா கப்பலேறி வந்து சலூன் போட்டார்.

சவரத் தொழிலுக்கு அப்போது உலகம் முழுவதும் ஒரு மாற்றம் வந்துகொண்டிருந்தது. ஜில்லெட் கம்பெனி 1903-ல் விற்ற பாதுகாப்பு ரேசர்கள் 51. அடுத்த வருடம் 90,884. கத்தி பிடிக்கத் தெரியாதவனும் வீட்டிலேயே மழித்துக்கொள்ளலாம் என்று ஆனது. நாவிதருக்கு இது இடி. பிரஷ் செய்தவருக்கோ யோகம். அதுவரை ஒரு சலூனுக்கு நாலைந்து பிரஷ் விற்றவர்கள், இப்போது வீட்டுக்கு ஒன்று விற்றார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிரஷ் கம்பெனிகள் கொழித்தது அதற்கடுத்த நாற்பது வருடத்தில்தான்.

ரங்கூனில் அது பாதிதான் நடந்தது. ஆபீஸ் கிளார்க்குகள் ரேசர் வாங்கினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அரிசி ஆலையில் நின்றவர், ரிக்‌ஷா இழுத்தவர் எல்லாம் சலூனுக்கே வந்தார்கள். பத்துப் பேர் ஓர் அறையில் படுக்கிறவனுக்குக் கண்ணாடி எங்கே, கிண்ணி எங்கே? ஆக, எங்கள் ஊரில் பிரஷ்ஷின் வாடிக்கையாளர் கடைசி வரைக்கும் சலூன்காரர்தான். பெரியப்பாவின் தொழிலுக்கு அஸ்திவாரமும் அதுவே, ஓட்டையும் அதுவே.

கடை போனதும் பிரஷ் வந்தது

பெரியப்பா கத்தி பிடிக்கவில்லை. தாத்தாவின் சலூன் என் அப்பாவுக்குப் போனது. பெரியப்பா ஒரு ஷாப்புக் கடையில் கணக்கெழுதப் போனார். சீப்பு, கண்ணாடி, பவுடர், பிரஷ் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரும் கடை. இங்கிலாந்து பிரஷ், ஜெர்மன் பிரஷ், ஜப்பான் பிரஷ் எல்லாம் அங்கேதான் அவர் கைக்குப் பழகியது.

1964 மார்ச்சில் ஜெனரல் நே வினின் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கியது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. அந்தச் சில வருடங்களில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். கடை முதலாளியும் கையில் இருந்ததை வைத்துவிட்டுக் கப்பலேறினார். பெரியப்பா போகவில்லை. ஏன் என்று கேட்டால், “அங்கே நமக்கு யாருடா இருக்கா?” என்பார்.

சரி, என்ன செய்வது? இறக்குமதி எல்லாம் அரசாங்கத்தின் கையில். மக்கள் கடைகள் என்ற அரசுக் கடைகளில் சோப்பே வரிசையில் நின்று வாங்க வேண்டிய காலம். சவர பிரஷ்ஷுக்கு யார் அன்னியச் செலாவணி ஒதுக்குவார்கள்? சலூன்களில் இருந்த பழைய பிரஷ்கள் உதிர்ந்து மொட்டையாகிக்கொண்டிருந்தன. அப்பா தன் சலூனிலிருந்து ஒரு நல்ல இங்கிலாந்து பிரஷ்ஷின் வெறும் கைப்பிடியைக் கொண்டுவந்து பெரியப்பாவிடம் கொடுத்து, “இதுக்கு ஏதாவது செய்ய முடியுமா பாருங்க” என்றார். தொடங்கியது அப்படித்தான்: புதிய பிரஷ் இல்லை, பழைய பிடிக்குப் புதிய குஞ்சம்.

இங்கே ஒரு விசித்திரம். மழித்துக்கொள்ளும் முகங்கள் லட்சக்கணக்கில் ஊரை விட்டுப் போன அதே வருடங்களில்தான் பெரியப்பாவின் தொழில் தலையெடுத்தது. தேவை குறைந்தது, வரத்து அதைவிட வேகமாகக் குறைந்தது. எல்லை மூடியிருந்ததால் நின்ற தொழில் அது. அவருக்கே அது தெரியும்.

குஞ்சத்துக்குள்

பிரஷ் என்றால் கைப்பிடி என்று நினைப்பவர்கள் அதிகம். தேக்கு, கொம்பு, தந்தம், பிசின் என்று விலையை ஏற்றுவதெல்லாம் பிடியை வைத்துத்தான். உண்மையான வேலை இருபது, இருபத்திரண்டு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அந்தக் குஞ்சத்தில் இருக்கிறது.

பன்றி மயிரை எடுத்துக்கொள்வோம். வேர்ப் பக்கம் தடிமன், நுனிப் பக்கம் மெலிவு. நுனி இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். நுரையைப் பிடித்து வைப்பது அந்தப் பிளவுதான். முகத்தில் பட வேண்டியது இயற்கையான நுனி, கத்தரித்த முனை அல்ல. கத்தரித்த முனை குத்தும். ஆகவே குஞ்சத்தின் தலை உருண்டையாக வர வேண்டும் என்றால் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. பெரியப்பா பித்தளையில் ஒரு சின்னக் குழிக் கிண்ணி செய்து வைத்திருந்தார். ஒரே நீளமான மயிரை எடை போட்டு, நுனி கீழே இருக்கும்படி அந்தக் கிண்ணிக்குள் இறக்கி, விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு மயிரும் குழியின் வளைவைத் தொட்டு நிற்கும்போது தலை தானாக உருண்டு வரும். அப்புறம் அடிப்பக்கத்தை மெழுகு தேய்த்த நூலால் இறுக்கிக் கட்டி, கவிழ்த்து எடுப்பார். ஐரோப்பாவின் கைவினை பிரஷ்காரர்கள் செய்வதும் இதே முறைதான்.

அதற்கு முன்னால் இருக்கும் வேலைதான் நாறும். பன்றிக்கறிக் கடைகளிலிருந்து முதுகு மயிரை வாங்கி வந்து, சோடா போட்டு அலசி, குச்சிகளில் நேராகக் கட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மயிர் வளைந்தே இருக்கும். அடுப்பு எரிகிற நாளில் மாடியில் குடியிருப்பவர்கள் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் நீளம் பிரித்து, தலைகீழாகக் கிடப்பவற்றைத் திருப்பி அடுக்க வேண்டும். வேரையும் நுனியையும் கண்ணால் பார்த்துப் பிரித்தால் ஒரு நாள் போய்விடும். பெரியம்மா விரல் நுனியால் உருட்டிப் பார்த்தே பிரிப்பார், ரேடியோ கேட்டுக்கொண்டே. இந்தத் தொழிலில் பெரியப்பாவைவிட அவர் கை தேர்ந்தது என்பது என் எண்ணம். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தது, உதிராமல் நிற்க வைப்பது. தொடக்கத்தில் பெரியப்பா குங்கிலியத்தைக் காய்ச்சிப் பிடியின் குழியில் ஊற்றினார். சலூனில் பிரஷ்ஷை வெந்நீரில் ஊற வைப்பார்கள், குங்கிலியம் இளகும், ஒரு நாள் குஞ்சம் முழுசாக வாடிக்கையாளரின் மோவாயில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இப்படி ஒரு முறை நடந்து சிரிப்பாய்ச் சிரித்தபின் அவர் திச்சிக்கு மாறினார். பகானில் மெருகுப் பாத்திரங்களுக்குப் பூசுகிறார்களே, அந்த மரத்துப் பால். இறக்கும்போது பழுப்பு, காற்றுப் பட்டால் கறுப்பு. விசேஷம் என்னவென்றால் இது வெயிலில் காயாது. ஈரக் காற்றில்தான் இறுகும். பகானில் பாத்திரங்களை நிலவறையில் வைப்பது அதற்காகத்தான். பெரியப்பா தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு மரப் பெட்டியில் பிரஷ்களை வாரக்கணக்கில் வைத்திருப்பார். இறுகிவிட்டால் வெந்நீரும் சோப்பும் அதை ஒன்றும் செய்யாது. கையில் பட்டால் அரிப்பும் கொப்பளமும் வரும் என்பது மட்டும்தான் தொல்லை. அவருடைய இடது மணிக்கட்டில் தழும்பு கடைசி வரை இருந்தது.

பச்சை நூல், சிவப்பு நூல்

ரங்கூன் சலூன்களில் பன்றி மயிர் என்றால் ஒரு சிக்கல் உண்டு. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் முஸ்லிம்கள். அவர்கள் முகத்தில் பன்றி மயிர் படக் கூடாது. அதனால் பெரியப்பா இரண்டு வகை கட்டினார். குதிரை வண்டிக்காரர்களிடம் வாங்கிய வால் மயிரில் ஒன்று, பன்றி மயிரில் ஒன்று. குதிரை மயிர் மெத்தென்று இருக்கும், விறைப்புக் குறைவு, சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டையும் வெளுத்துச் சுத்தம் செய்து சீராக அடுக்கிக் கட்டிவிட்டால் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே குஞ்சத்தின் கழுத்தில், பிடிக்குள் போவதற்குச் சற்று மேலே, நூல் சுற்றினார். பச்சை என்றால் குதிரை, சிவப்பு என்றால் பன்றி. சூலியா பள்ளிவாசல் பக்கத்துச் சலூன்கள் பச்சை மட்டும்தான் வாங்கும்.

இந்த நூலை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால் உலக அளவில் சவர பிரஷ் தொழிலுக்கு விழுந்த முதல் அடி, குஞ்சத்துக்குள் என்ன மயிர் இருக்கிறது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாததால் விழுந்தது.

முதல் உலகப் போருக்கு முன் நல்ல பிரஷ் என்றால் பேட்ஜர் மயிர்; வளைக்குள் வாழும், கரடியின் சாயலுள்ள சின்ன விலங்கு அது. போரில் ஐரோப்பாவின் வழிகள் அடைபட்டதும் அந்த மயிர் கிடைக்கவில்லை. குதிரை மயிருக்குச் சாயம் போட்டுப் பேட்ஜர் போலக் காட்டி விற்றார்கள். சீனாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த அந்தக் குதிரை மயிர், முன்பெல்லாம் ஐரோப்பாவில் கிருமி நீக்கப்பட்ட பிறகே பட்டறைக்குப் போகும். போர்க்காலத்தில் அந்தப் படி விட்டுப்போனது. மயிரோடு அடைப்பான் நோயின் வித்துகளும் வந்தன. மாட்டுக்கு வருமே, ஆந்த்ராக்ஸ், அதேதான். ராணுவத்தில் எல்லோரும் தினமும் மழிக்க வேண்டும், ஆளுக்கொரு மலிவு பிரஷ் கொடுத்திருந்தார்கள். மழிக்கும்போது விழுந்த சிறு கீறல் வழியாகக் கிருமி உள்ளே போனது. அமெரிக்க, பிரிட்டிஷ் சிப்பாய்களும் பொதுமக்களுமாக 200 பேருக்கு மேல் கழுத்திலும் மோவாயிலும் கறுத்த புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பலர் இறந்தார்கள். அடைப்பான் வித்துகள் லேசில் சாகாதவை. மணிக்கணக்கில் கொதிக்க வேண்டும், இல்லையென்றால் அழுத்த நீராவி வேண்டும். 1920-ல் பிரிட்டன் ஜப்பானில் செய்த சவர பிரஷ்களின் இறக்குமதியையே தடை செய்தது.

இதற்குக் கம்பெனிகள் கொடுத்த பதில் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவின் நியூவார்க் நகரத்து ரப்பர்செட் கம்பெனி, மயிரின் அடியைக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பருக்குள் புதைத்து உதிராத பிரஷ் என்று பேர் வாங்கியிருந்தது. எவர்ரெடி என்பது இன்னொரு பெரிய பேர். இந்த மாதிரிக் கம்பெனிகள் பிடியிலேயே ‘கிருமி நீக்கப்பட்டது’ என்று பொறித்து விற்க ஆரம்பித்தன. நம் ஊர்ப் பழைய சாமான் கடைகளில்கூட அப்படிப் பொறித்த பிடிகள் இன்னும் தென்படும். அந்த முத்திரை இருந்ததால்தான் வீட்டில் மழித்துக்கொள்கிறவர்கள் திரும்பி வந்தார்கள். கடையில் வாங்குகிறவன் முத்திரையைப் பார்க்கிறான், வீட்டுக்குக் கொண்டுபோகிறான், வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. அவ்வளவு போதும் அவனுக்கு. சலூன் நாற்காலியில் சாய்ந்திருக்கிறவனுக்குப் போதாது.

எங்கள் ஊர்ப் பேரில் ஓர் எதிரி

பிரஷ்ஷே வேண்டாம் என்று சொன்ன கிரீம்கள் அடுத்த அடி. இவற்றில் பேர் பெற்றது ஒன்றுக்கு எங்கள் நாட்டின் பேர். அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஓடெல் குடும்பத்தார் பர்மா-வீட்டா என்று ஒரு தைலம் விற்றார்கள். அதில் சேரும் வாசனை எண்ணெய்கள் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்தவை. தைலம் ஓடவில்லை. 1925-ல் பர்மா-ஷேவ் என்று பிரஷ் இல்லாத சவரக் கிரீம் போட்டார்கள். நெடுஞ்சாலை ஓரமாகச் சின்னச் சின்னப் பலகைகளை வரிசையாக நட்டு, காரில் போகிறவன் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சிரிக்கும்படி விளம்பரம் செய்தார்கள். உச்சத்தில் சுமார் 7,000 பலகைத் தொகுதிகள். அமெரிக்கா முழுவதும் பிரஷ்ஷைக் கழுவிக் காய வைக்கிற சிரமத்தைக் கேலி செய்தது இந்தப் பர்மா. இங்கே பர்மாவில் அந்தக் கிரீமை நான் கண்ணால் பார்த்ததில்லை.

அதன் முடிவு இன்னும் வேடிக்கை. 1949-ல் ரைஸ் என்ற டப்பா நுரை வந்தது, அழுத்தினால் நுரை. பிரஷ்ஷுக்கும் பிரஷ் இல்லாக் கிரீமுக்கும் சேர்த்து ஆப்பு. 1963-ல் பர்மா-ஷேவைப் பிலிப் மாரிஸ் வாங்கி, தன் கையில் இருந்த அமெரிக்கன் சேஃப்டி ரேசர் கம்பெனியோடு சேர்த்தது. எவர்ரெடி பிரஷ்களை விற்றுவந்தது யார் என்றால் அதே அமெரிக்கன் சேஃப்டி ரேசர்தான். கடைசியில் பிரஷ்ஷும் பிரஷ்ஷை ஒழித்த கிரீமும் ஒரே முதலாளி வீட்டில் வந்து உட்கார்ந்தன. ரப்பர்செட்டோ சவரத்தை விட்டுவிட்டு பெயிண்ட் பிரஷ்ஷுக்குப் போனது; ஷெர்வின்-வில்லியம்ஸின் கீழ் அந்தப் பேர் இன்றும் சுவர் அடிக்கிறது.

மயிர் பக்கமும் நிம்மதி இல்லை. உலகத்துக்கு நல்ல பன்றி மயிர் சீனாவிலிருந்துதான் போனது. ஜப்பான் சீனத் துறைமுகங்களைப் பிடித்ததும் உள்நாட்டுச் சோங்சிங் நகரத்து மயிர் மலைவழியாக, சீனாவின் குன்மிங்கிலிருந்து பர்மாவின் லாஷியோ வரை 1,100 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பர்மா சாலையில் லாரி ஏறி, ரயிலில் ரங்கூன் துறைமுகத்துக்கு வந்தது. கூடவே டங் எண்ணெய், டங்ஸ்டன், தகரம். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் பெரும்பாலும் தெலுங்கர்கள், நம்மவர்களும் இருந்தார்கள். 1942-ல் ரங்கூனும் லாஷியோவும் விழுந்த பிறகு, சீனாவுக்குச் சாமான் கொண்டுபோன விமானங்கள் திரும்பும்போது இமயத்தின் மேலாக இந்த மயிரை ஏற்றிவந்தன. போர்க் கப்பலுக்கு பெயிண்ட் அடிக்க அவ்வளவு தேவை. 1950 டிசம்பரில் அமெரிக்கா சீனப் பொருள்களை நிறுத்தியதும் நைலானுக்கு மாறியே தீர வேண்டிய நிலை. 1938-லேயே பல் பிரஷ்ஷில் வந்துவிட்ட இழை அது. ஆனால் அந்தக் கால நைலான் சவரத்துக்கு ஆகவில்லை, தண்ணீரைப் பிடிக்காமல் தெறித்தது.

எல்லை திறந்தபோது

1988-ல் சீனாவோடு எல்லை வணிகம் சட்டப்படி தொடங்கியது. எல்லை ஊரான மூசே வழியாக வந்த லாரிகளில் பிளாஸ்டிக் பிடி போட்ட பிரஷ்களும் வந்தன. பெரியப்பா மயிர் வாங்கும் காசுக்கு அங்கே பிரஷ்ஷே கிடைத்தது. அப்பா சொல்லும் கதை இங்கே முடிகிறது. நடந்தது வேறு.

அந்தப் பிரஷ்களில் முதல் மாதமே குஞ்சம் கழன்று வரும். ஒட்டுப் பசை அவ்வளவுதான். சலூன்காரர்கள் அவற்றைப் பையில் போட்டுப் பெரியப்பாவிடம் கொண்டுவந்தார்கள். அவர் பழைய பசையைச் சுரண்டி, மயிரைத் திருத்திக் கட்டி, திச்சி ஊற்றித் திருப்பிக் கொடுத்தார். புதிதாகச் செய்வதைவிட இதில் வேலை குறைவு, காசு நிச்சயம். தொட்டிக்கு அடியில் பெட்டி இரண்டாயிற்று. அண்ணனின் கல்யாணச் செலவு இந்தச் சீனப் பிரஷ் ரிப்பேரில் வந்த பணம்தான். ஆக, போட்டி அவரைக் கொல்லவில்லை, தீனி போட்டது.

கொன்றது பிளேடு. 1990-களில் எய்ட்ஸ் பற்றிய எச்சரிக்கை ஊர் முழுக்கப் பரவியது. சலூனில் புது பிளேடு கேளுங்கள் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு வந்தது. ஹெபடைடிஸ் பி பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது, அது வீண் பயமும் இல்லை: பின்னால் 2015-ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 6.5 பேரிடம் அந்தக் கிருமி இருந்தது. சலூன்காரர்கள் தீட்டும் கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாதி பிளேடு மாட்டும் கத்திக்கு வந்தார்கள். வாடிக்கையாளர் கண் முன்னாலேயே காகித உறையைப் பிரித்து, பிளேடை இரண்டாக உடைத்து, மாட்டிக் காட்டினார்கள். நாற்காலியில் இருக்கிறவர் கண்ணாடி வழியாகப் பார்த்துத் தலையாட்டுவார். பிளேடு புதுசு என்பதற்குச் சாட்சி அந்தக் காகிதம்.

பிரஷ்ஷுக்கு என்ன சாட்சி? காலையிலிருந்து இருபது முகத்தைத் தொட்டது அது. டெட்டாலில் முக்கினாலும், வெந்நீரில் போட்டாலும், ஈரமாகத்தான் இருக்கும். ஈரமான பிரஷ்ஷைப் பார்த்தாலே முந்தின ஆள் ஞாபகம் வரும். பிளேடு இரத்தத்தைத் தொடுகிறது, பிரஷ் பெரும்பாலும் தொடுவதில்லை, ஆபத்து பிளேடில்தான் அதிகம் என்று டாக்டர் சொல்லலாம். பிளேடின் ஆபத்து உறையோடு தீர்ந்துவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள், மீதி இருந்த சந்தேகம் முழுவதும் பிரஷ் தலையில் விழுந்தது. என் அப்பாவே தன் சலூனில், டியூபிலிருந்து கிரீமைப் பிதுக்கிக் கையாலேயே தேய்க்க ஆரம்பித்தார். தன் அண்ணன் கட்டிய பிரஷ்ஷைக் கண்ணாடிக்குப் பின்னால் எடுத்து வைத்தார். அவருக்கு அது பெரிய சங்கடம், ஆனாலும் செய்தார். வேறு வழி இல்லை.

பெரியப்பா சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் நாவிதர் கடைகளில் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் பேர் எழுதிய சொந்தக் கிண்ணியை வைத்திருப்பார்களாம். அது அவருக்குத் தெரியாது, ஆனால் அதே யோசனை அவருக்கும் வந்தது. சின்ன பிரஷ்களாகக் கட்டி, பிடியில் எண் பொறித்து, சலூனில் ஒரு மரத்தட்டில் வரிசையாக நிறுத்தினார். ஆளுக்கொன்று, மாதச் சந்தா மாதிரி. இரண்டு மூன்று சலூன்களில் வைத்துப் பார்த்தார்கள். பணக்கார வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே வீட்டில் மழித்துக்கொண்டிருந்தார்கள். சலூனுக்கு வருகிறவருக்கு ஒரு சவரத்தின் விலையைவிட பிரஷ்ஷின் விலை பல மடங்கு. தட்டில் தூசி படிந்தது.

அந்தத் திட்டம் இருபது வருடம் பிந்தி வந்தது என்று நினைக்கிறேன். பிரஷ் கிடைக்காத 1970-களில் இதைச் செய்திருந்தால் ஜனம் வாங்கியிருக்கும், வாங்கிப் பழகியிருக்கும். அப்போது அவருக்கு அதற்கான அவசியம் தெரியவில்லை. சலூன்காரர் கட்டுக்கட்டாக வாங்கினார், ரொக்கம் கொடுத்தார். முகம் யாருடையது என்று ஏன் கவலைப்பட வேண்டும்? அவர் செய்த பிரஷ்களில் ஒன்றில்கூட ஒரு பேர் இல்லை. பச்சை நூல், சிவப்பு நூல் மட்டும்தான். அந்த நூலின் அர்த்தம் சலூன்காரருக்குத் தெரியும், மழித்துக்கொண்டவருக்குத் தெரியாது.

ஐரோப்பாவில் தப்பித்தவர்களைப் பார்த்தால் இது விளங்கும். லண்டனில் 1919-ல் தொடங்கிய சிம்ப்சன் பட்டறை போரில் குண்டு விழுந்து சாமர்செட் கிராமப் பக்கம் போனது, பிறகு கை மாறி மான் தீவுக்குப் போனது, இன்றும் பிரஷ் கட்டுகிறது. டப்பா நுரையால் அவர்களும் நொந்தார்கள். ஆனால் அவர்களுடைய பிரஷ் வீட்டுக் குளியலறையில் ஒருவனுக்கே சொந்தமாக நின்றது. பேர் பிடியில் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு பிரஷ்ஷில் மழிப்பதை ஒரு பொழுதுபோக்காகவே எடுத்துக்கொண்ட கூட்டம் ஒன்று கிளம்பியபோது, அவர்கள் தேடிப்போக ஒரு பேர் இருந்தது.

பெரியப்பா கடைசியாகக் குஞ்சம் கட்டியது 2000-க்குச் சற்று முன்னால். அவர் இறந்தபிறகு அண்ணன் பிடி கடைவதை மட்டும் தொடர்ந்தார். மூசேக்கு எதிரே இருக்கும் சீன ஊரான ருயிலியிலிருந்து செயற்கை இழைக் குஞ்சங்கள் பை பையாக வரும். இப்போதைய இழை பழைய நைலான் போல இல்லை. தண்ணீர் பிடிக்கிறது, மெத்தென்று இருக்கிறது, எந்த மதத்துக்காரர் முகத்திலும் படலாம், நூல் தேவையில்லை. தேக்கிலும் படாக்கிலும் பிடி கடைந்து எப்பாக்ஸி வைத்து ஒட்டி, சுற்றுலாக்காரர்கள் வரும் கடைகளுக்குக் கொடுத்தார். கீழே பெரியப்பாவின் முதலெழுத்தைச் சுட்டுப் பொறித்தார். 2012-க்குப் பின் நாலைந்து வருடம் நல்ல விற்பனை.

2020-ல் சுற்றுலா நின்றது, 2021-ல் ஆட்சி மாறியது. 2023 அக்டோபரில் வடக்கு ஷான் மாநிலத்தில் சண்டை மூண்டதிலிருந்து மூசே சாலை நிலையாக இல்லை, அடுத்த ஆண்டு லாஷியோவே கை மாறியது. குஞ்சம் வருவதில்லை, வந்தால் விலை கட்டுவதில்லை. பன்றி மயிரில் நாமே கட்டலாமே என்று அண்ணனிடம் கேட்டேன். “அம்மா கை இல்லாம யாருடா பிரிக்கிறது?” என்றார். கடைசல் இயந்திரத்துக்கு மோட்டார் வைத்திருக்கிறார். இப்போது அதில் பூரிக்கட்டை கடைகிறார். டீக்கடைகளிலிருந்து ஆர்டர் நிற்காமல் வருகிறது, மரம் கிடைப்பதுதான் பாடு.